ஆபரேஷன் முடிந்தது... ஆபத்து முடிந்ததா?

நமது ஆண்டு மலரில் வழக்கமாக ரோபோ, சூரிய சக்தி, செயற்கைக்கோள் என்றுதான் கட்டுரைகள் வரும். இந்தக் கட்டுரையின் விஷயம் கருத்தடையும், கணவன் மனைவி உறவால் பரவும் தொற்றும். "இதெல்லாம் மலரில் போடலாமா?" என்று ஒரு சிலர் கேட்டார்கள். போடலாம் என்பதே என் கருத்து. இதைப் படிக்கும் நம்மில் பலர் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் வேலைக்குப் போவோம். அடுத்து கல்யாணம். அதற்கு அப்புறம் நமக்கு யாரும் வகுப்பு எடுக்கப் போவதில்லை!

நமது நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் லாரியும் ரிக் வண்டியும்தான் பாதிக் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. ரிக் வண்டியில் போன ஆள் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பார். பொங்கலுக்கோ மாரியம்மன் பண்டிகைக்கோ வீட்டுக்கு வருவார். அப்படிப்பட்ட வீடுகளில் இருக்கும் பெண்கள் கருத்தடையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், நோய் வராமல் தடுப்பதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் இருந்த ஏழு நாளும், பிறகு என் சொந்தக்காரப் பெண்களிடமும் கேட்டுப் பார்த்தேன். முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. மாத்திரை அட்டையில் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துச் சொல்லக் கேட்டு ஓர் அக்கா வந்தார். எங்கள் வீட்டில் படிக்கப் போனது நான்தான் முதல் ஆள் என்பதால் இந்த வேலை எனக்குப் பழக்கம். படித்துச் சொன்னேன். மறுநாள் நாலு பேர் வந்தார்கள்.

முதலில் ஒரு கணக்கு. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 58 பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்தியா முழுக்க எடுத்தால் பெண்கள் ஆபரேஷன் நூற்றுக்குச் சுமார் 38, ஆண்கள் ஆபரேஷன் 0.3, ஆணுறை 9.5, மாத்திரை 5, காப்பர்-டி 2. அதாவது, நம் ஊரில் கருத்தடை என்றாலே பெண்ணுக்கு ஆபரேஷன் என்றுதான் அர்த்தம்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஒரே வருடத்தில் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேலான ஆபரேஷன்கள் நடந்தன. அதில் பெரும்பகுதி ஆண்களுக்கு. பல இடங்களில் கட்டாயப்படுத்தி. மக்கள் கொதித்துப் போனார்கள். 1977 தேர்தலுக்குப் பிறகு ஆண்கள் பக்கம் போகவே அரசாங்கம் பயந்தது. துறையின் பெயரே 'குடும்பக் கட்டுப்பாடு' என்பதிலிருந்து 'குடும்ப நலம்' என்று மாறியது. பாரம் முழுவதும் பெண்கள் தலையில் இறங்கியது. ஆணுக்குச் செய்வது சிறிய ஆபரேஷன். கத்தியே படாத முறை வந்தும் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் "ஆபரேஷன் பண்ணிக்கிட்டா லோடு தூக்க முடியாது, ஆம்பளைக்குத் தெம்பு போயிரும்" என்று ஆண்கள் சொல்வதைவிடப் பெண்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். சம்பாதிக்கிற ஆளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற பயம் அவர்களுக்கு.

"ரெண்டு பெத்தாச்சு. பெத்த கையோட ஆபரேஷனும் பண்ணியாச்சு. வேலை முடிஞ்சுதுங் கண்ணு" என்றார் ஒரு பெரியம்மா. 'வேலை முடிஞ்சுது' என்ற இந்த வார்த்தையை நான் பலர் வாயில் கேட்டேன். இங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்த ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்? கருமுட்டை வரும் இரண்டு குழாய்களையும் கட்டி வெட்டிவிடுகிறார்கள், அல்லது வளையம் போட்டு அடைக்கிறார்கள். முட்டையும் விந்தணுவும் சந்திக்காது, கரு உண்டாகாது. அவ்வளவுதான். வாய்க்காலில் மேல் மடையை அடைத்தால் கீழ் வயலுக்குத் தண்ணீர் வராது. மடைக்கு இந்தப் பக்கம் இருக்கும் வயலில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். நோய்க்கிருமி தொற்றுவது பெண்ணுறுப்பிலும் கருப்பை வாயிலும். அங்கே ஆபரேஷன் எதையும் அடைக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் எப்போதாவது ஆணுறை பயன்படுத்திய ஒன்றிரண்டு வீடுகளிலும், அதற்குப் பிறகு "இனி எதுக்கு?" என்று அதை விட்டுவிடுகிறார்கள். கர்ப்பத்துக்குக் கதவை மூடியவர்கள் தொற்றுக்குத் திறந்து வைத்துவிடுகிறார்கள்.

ஆபரேஷன் தவிர மற்ற முறைகளைப் பற்றிக் கேட்டால் பயம்தான் முதலில் வருகிறது. காப்பர்-டி பற்றிச் சொன்னவற்றை எழுதினால் இந்த மலர் பத்தாது. "அது மேல ஏறி நெஞ்சுக்கு வந்துரும்", "உள்ளயே துருப்பிடிச்சுப் போயிரும்", "சூடு, உடம்பு எளைச்சுப் போவும்". மெக்கானிக்கல் மாணவர்களுக்குத் தெரியும், துருப்பிடிப்பது இரும்பு. இது தாமிரம். டி வடிவத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு; அதில் மோட்டார் காயிலில் சுற்றுவது போலத் தாமிரக் கம்பி சுற்றியிருக்கும். 380 என்ற எண் போட்ட வகையில் 380 சதுர மில்லிமீட்டர் தாமிரப் பரப்பு இருக்கிறது. அதனால்தான் அந்தப் பெயர். தாமிரத்திலிருந்து மிக நுண்ணிய அளவில் கசியும் அயனிகள் விந்தணுவை முடக்குகின்றன. ஒரு தடவை போட்டால் பத்து வருடம். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், மறுபடி கர்ப்பம் ஆகலாம். கருப்பை ஒரு மூடிய பை. அங்கிருந்து நெஞ்சுக்கு வழியே இல்லை. மிக அரிதாகக் கருப்பைச் சுவரைத் துளைப்பது உண்டு, தானாக வெளியே வந்து விழுவதும் உண்டு. அதனால்தான் நூல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்வது. முதல் சில மாதம் தீட்டு அதிகமாகப் போகலாம், வயிறு வலிக்கலாம். இதைப் போடும்போதே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் பயந்து போய் எடுத்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரசவமான கையோடு, வலியில் கிடக்கும்போது, "போட்டுடலாமா?" என்று கேட்டால் யாருக்கு என்ன காதில் விழும்?

மாத்திரையில் அரசு இலவசமாகக் கொடுப்பது மாலா-என். அட்டையில் 28 மாத்திரை. 21 ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. தினம் போட வேண்டும். "காட்டு வேலைக்குப் போய்ட்டு வந்து சோறு திங்கவே நெனப்பு வராது, மாத்திரை நெனப்பு எங்க வருது?" என்று ஓர் அக்கா சிரித்தார். இன்னொன்று சாயா. இது லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. நம் நாட்டுச் சரக்கு! 1991லேயே 'சஹேலி' என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஸ்டீராய்டு ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. நான் பேசியவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் பெயர் தெரியவில்லை. அந்தரா என்பது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. 2017 முதல் அரசுத் திட்டத்தில் கொடுக்கிறார்கள். இதில் மாதவிலக்கு ஒழுங்கு தவறும், சிலருக்கு நின்றே போகும். கெடுதல் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னாலும், "தீட்டு வெளிய போவலைன்னா கெட்ட ரத்தம் உள்ள கட்டிக்கும்" என்று நம்பும் பெண்களுக்கு இது பெரிய பயம். ஊசியை நிறுத்தினாலும் மறுபடி கர்ப்பம் ஆகச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ஊசியில் ஒரு விஷயம் பெண்களுக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் அட்டை இருக்காது. யாருக்கும் தெரியாது. "என்ற மாமியாளுக்குத் தெரியாம போட்டுக்கலாமா?" என்றுதான் ஒருவர் முதலில் கேட்டார். பெண் கையில் இருக்கும் கருத்தடை என்று நாம் புத்தகத்தில் படிப்பதற்கு அவர் அகராதியில் அர்த்தம் இதுதான்: கேட்காமல் செய்துகொள்ள முடிவது.

இதுவரை சொன்ன எதுவும், ஆபரேஷனோ காப்பர்-டியோ மாத்திரையோ ஊசியோ, எச்.ஐ.வி., சிபிலிஸ், கொனோரியா ஒன்றையும் தடுக்காது. இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

தொற்று என்ற பேச்சை எடுத்தால் "அதெல்லாம் எங்களுக்கு எதுக்கு, நாங்க என்ன அப்படிப்பட்டவங்களா?" என்கிறார்கள். கோபித்துக்கொண்டு எழுந்து போனவரும் உண்டு. கர்ப்பத்தைத் தடுப்பது குடும்பப் பெண்ணின் பொறுப்பு, நோயைத் தடுப்பது கெட்டுப்போனவர்களின் கவலை என்று அவர்கள் மனதில் இரண்டும் இரண்டு பெட்டியில் இருக்கிறது. கிருமிக்கு அந்தப் பெட்டிகள் தெரியாது. 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆறு பேரும் பாலியல் தொழிலில் இருந்தவர்கள். "அது அவங்க நோய்" என்ற எண்ணம் அன்றே ஊன்றிவிட்டது. ஆனால் 1990களிலேயே சென்னையில் சிகிச்சைக்கு வந்த தொற்றுள்ள பெண்களை விசாரித்தபோது, பெரும்பாலோர் வீட்டோடு இருக்கும் மனைவிகள். கணவரைத் தவிர வேறு ஆளை அறியாதவர்கள். அவர்கள் செய்த ஒரே காரியம் கல்யாணம்தான்! 2023 மதிப்பீட்டின்படி இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம். அதில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் பெண்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 1994ல் நாட்டிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டில்தான் மாநில எயிட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. லாரி நிறுத்தங்களிலும் தாபாக்களிலும் ஓட்டுநர்களிடம் பேசினார்கள், ஆணுறை கொடுத்தார்கள். 'உயர் பரவல் மாநிலம்' என்று பெயர் வாங்கிய தமிழ்நாட்டில் தொற்று வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்தப் பிரச்சாரத்தால் ஆணுறைக்கு ஒரு முத்திரையும் விழுந்துவிட்டது. அது ரோட்டோரத்துச் சாமான். வீட்டுக்குள் கொண்டுவந்தால், "நீ எங்க போய்ட்டு வந்தே?" என்று மனைவி கேட்பாள், மனைவி கேட்டு வாங்கினால், "என்னைச் சந்தேகப்படறியா, இல்ல நீ...?" என்று கணவன் கேட்பான். இரண்டு பக்கமும் வாய் மூடிவிடுகிறது.

எனக்கு அத்தை முறையாகும் ஒருவருக்கு இரண்டு வருடமாக வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி. ஆபரேஷன் ஆகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கணவர் ரிக் வண்டியில் இருக்கிறார். 'சூடு' என்று இளநீர், வெந்தயம், வெண்பூசணி எல்லாம் சாப்பிட்டுப் பார்த்தார். எலும்பு உருகித்தான் வெள்ளையாகப் போகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா தொற்று என்று சொல்லி மாத்திரை கொடுத்து, "வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கணும், கூட்டிட்டு வாங்க" என்றாராம். "ஆளைக் கூட்டிட்டு வான்னா எங்க போறது? ஆளு ராய்ப்பூருக்கு அங்கிட்டு இருக்குது கண்ணு. போன்ல இதைச் சொன்னா அடுத்த வண்டிக்கே வந்து என்னை வெட்டிப் போட்டுருவாரு" என்றார் என்னிடம். அவர் மட்டும் மாத்திரை சாப்பிட்டார், குணமானது. பண்டிகைக்குக் கணவர் வந்து போனார். இப்போது மறுபடி அதே தொல்லை. "இந்த ஆபரேஷன் பண்ணினா இதெல்லாம் வராதுன்னு நெனச்சனே" என்று அவர் சொன்னதால்தான் இந்தக் கட்டுரையையே எழுத நினைத்தேன்.

எல்லா வெள்ளைப்படுதலும் உறவால் வரும் நோய் அல்ல என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். இயல்பாகவும் இருக்கும், பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கும். நாற்றம், அரிப்பு, நிற மாற்றம், வலி இருந்தால் காட்ட வேண்டும். மகாராஷ்டிராவில் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் ராணி பங், டாக்டர் அபய் பங் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989ல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. நூற்றுக்கு 92 பேருக்குப் பெண்ணுறுப்பு, கருப்பை சம்பந்தமான ஏதோ ஒரு நோய் இருந்தது. அதற்கு முன் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேர்தான். நம் செங்கல்பட்டுப் பக்கத்தில் 1981 முதல் இயங்கும் கிராமப் பெண்கள் சமூகக் கல்வி மையமும், அதே ஊர்களைச் சேர்ந்த தலித் பெண்களையே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாக்கி இந்த மௌனத்தை உடைக்கப் பார்த்தது. தம்மைப் போன்ற ஒருத்தி கேட்டால்தான் பெண்கள் பேசுகிறார்கள் என்பதை ஏழு நாள் முகாமில் நானும் பார்த்தேன்.

அப்படியானால் பெண் தானே தொற்றைத் தடுத்துக்கொள்ள வழியே இல்லையா? இருக்கிறது. பெண்ணுறை என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1993ல் அனுமதி கிடைத்தது. சுமார் ஆறேழு அங்குல நீளத்தில் மெல்லிய உறை, இரண்டு முனையிலும் வளையம். உள் வளையத்தை அழுத்தி உள்ளே வைத்தால் அது கருப்பை வாயை மூடிக்கொள்ளும், வெளி வளையம் வெளியே நிற்கும். சில மணி நேரம் முன்பே வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு ஒன்று. ஆணுறையோடு சேர்த்துப் போடக் கூடாது, உராய்ந்து கிழியும். இன்றுவரை கர்ப்பம், தொற்று இரண்டையும் சேர்த்துத் தடுக்கிற, பெண்ணே போட்டுக்கொள்ளும் சாதனம் இது ஒன்றுதான். குறையும் உண்டு. ஆணுறையைவிடப் பல மடங்கு விலை. நம் ஊர் மருந்துக்கடையில் கேட்டால் முழிப்பார்கள். வெளி வளையம் கணவன் கண்ணில் படும். நான் படம் வரைந்து காட்டியபோது ஒரே சிரிப்பு. "இதை மாட்டிக்கிட்டு நிக்கறதுக்கு அவரையே ஒண்ணு மாட்டச் சொல்லிரலாம்" என்றார் ஓர் அக்கா. ஆனால் எல்லோரும் போன பிறகு இன்னொருவர் வந்து, "குடிச்சுட்டு வர்ற அன்னிக்கு அவருக்கு இது தெரியுமா கண்ணு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கண்ணில் படாத சாதனம் வேண்டும் என்று விஞ்ஞானிகளும் முப்பது வருடத்துக்கு மேல் பாடுபட்டிருக்கிறார்கள். முதலில் விந்தணுவைக் கொல்லும் நோனாக்ஸினால்-9 என்ற மருந்தை நம்பினார்கள். 2000ம் ஆண்டு டர்பன் மாநாட்டில் வந்த முடிவு அதிர்ச்சி. அடிக்கடி பயன்படுத்தினால் உள் தோல் புண்ணாகி எச்.ஐ.வி. இன்னும் அதிகம் தொற்றியது. அதற்கடுத்து செல்லுலோஸ் சல்பேட் ஜெல். இந்தியா உட்படப் பல நாடுகளில் நடந்த சோதனை 2007 ஜனவரியில் இதே போன்ற காரணத்தால் பாதியில் நிறுத்தப்பட்டது. 2010ல் தென்னாப்பிரிக்காவில் குவாசூலு-நடால் பகுதியில் டெனோஃபோவிர் ஜெல் தொற்றை 39 சதவீதம் குறைத்தது என்று செய்தி வந்தபோது உலகமே கைதட்டியது. 2015ல் வந்த பெரிய சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதே மருந்தை வைத்து ஆப்பிரிக்காவில் நடந்த வேறொரு சோதனையில், தவறாமல் பயன்படுத்துவதாகச் சொன்ன பெண்களில் பெரும்பாலோர் ரத்தத்தில் மருந்தே இல்லை. "பொய் சொன்னார்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். என்னைக் கேட்டால், அந்த டப்பாவை மாமியார் பார்த்தால் என்ன ஆகும் என்பதை ஆராய்ச்சியாளர்களைவிட நம் அத்தைமார்கள் சரியாகச் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம் மாதத்துக்கு ஒரு வளையம் வந்தது. சிலிக்கோனில் செய்தது, உள்ளே டாபிவிரின் மருந்து. சோதனைகளில் தொற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2021 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2024ல் இன்னொரு பெரிய செய்தி: லெனகாபவிர் என்ற ஊசி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2134 இளம் பெண்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்றவில்லை. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இதையும் பரிந்துரைத்தது. வளையமும் ஊசியும் எச்.ஐ.வி.யை மட்டும்தான் தடுக்கும். சிபிலிஸ், கொனோரியாவுக்கு உறைதான்.

இப்போதைக்கு நம் பக்கத்தில் இருப்பவற்றையாவது பயன்படுத்த வேண்டும். அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்று பலகை இருக்கும். எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். பால்வினைத் தொற்றுக்குச் 'சுகவாழ்வு மையம்'. வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் 1097க்குப் போன் செய்து தமிழிலேயே கேட்கலாம். துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் மாலா-என், சாயா, நிரோத் இலவசம். லாரிக்கோ ரிக்குக்கோ வேலைக்குப் போகப்போகும் மாணவ நண்பர்கள் ஊர் திரும்பும்போது ஒரு பரிசோதனை செய்துகொண்டு வீட்டுக்குப் போவது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஆடிட்டோரியத்தில் எயிட்ஸ் தினத்துக்கு நாடகம் போடுவதைவிட இது சுலபம்.

அந்த ஆறு மாத ஊசியைப் பற்றி அத்தையிடம் சொன்னேன். "எவ்வளவு? எங்க போடுவாங்க? போட்டது தெரியுமா?" என்று மூன்று கேள்வி கேட்டார். கடைசிக் கேள்விக்குப் பதில், வெளியே ஒன்றும் தெரியாது. ஊசி போட்ட இடத்தில் தோலுக்கடியில் சின்ன முடிச்சு இருக்கலாம். முதல் கேள்விக்கு, ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ ஆகிய இரண்டு கம்பெனிகள் 2027 முதல் ஆண்டுக்குச் சுமார் 40 டாலருக்குக் கொடுப்பதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்திருக்கிறது. நடுவில் இருக்கும் கேள்விக்குத்தான், எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் என்று சொல்லும் நாளுக்காக அவர் காத்திருக்கிறார்.